ரெகுலர் என்று சொன்னார்கள்

சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்து டீக்கடையில் "ரெகுலரா, ஸ்டிராங்கா?" என்று கேட்பார்கள். தென்காசிப் பக்கம் எங்கள் ஊரில் டீ என்றால் டீதான். வந்த புதிதில் விழித்தேன். கிளினிக்குக்குப் போனால் மாதவிலக்கு ரெகுலரா என்றார்கள். பேருந்தில் ஏறினால் ரெகுலர் ஷிஃப்டா என்றார்கள். புரிந்தாலும் புரியாவிட்டாலும் தலையாட்டப் பழகிக்கொண்டேன்.

கார்களுக்குப் பக்கக் கண்ணாடி பொருத்தும் லைனில் பயிற்சியாளராக எனக்கு மூன்றாவது வருடம் முடியும்போது, எச்.ஆர். அதிகாரி என் வருகைப் பதிவைப் பார்த்து, "நீங்க ரொம்ப ரெகுலர், சங்கரி" என்றார். அண்ணன் கல்யாணத்துக்குக்கூட லீவு போடாதவள் நான். அவன் தாலி கட்டியதைச் சாப்பாட்டு இடைவேளையில் செல்போனில்தான் பார்த்தேன். பயிற்சியாளர் என்ற பெயர் போய் வேலை நிரந்தரமாகிவிட்டது என்று நினைத்து, அன்றே அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

பக்கத்தில் நின்று வேலை செய்யும் தேவி வாலாஜாபாத்காரி. அவள் நம்பவில்லை. "அவுங்க வாய்ல ரெகுலர்னா நீ லீவு போடலன்னு அர்த்தம். இன்னா பேப்பர் தர்றாங்கன்னு பாத்துட்டு அப்புறம் சிரி." பொறாமையில் சொல்கிறாளோ என்று அவளையே சந்தேகப்பட்டேன்.

மறுவாரம் ஆங்கிலத்தில் ஒரு தாள் வந்தது. அதிகாரி, நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். ரெகுலர் என்று போட்டிருக்கிறதே, இன்னும் என்ன யோசனை என்றார். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"சார், அதுக்கு அடுத்தாப்ல டிரெய்னின்னு இருக்கே?"

அவர் பேனாவை மூடினார். ரெகுலர் டிரெய்னி என்றால் மறுபடியும் பயிற்சியாளர்தான் என்று எனக்குப் புரிந்தது. தமிழில் எழுதித் தந்தால்தான் கையெழுத்து என்றேன். பின்னால் நின்ற தேவியும் தன் தாளை மடித்து வைத்துக்கொண்டாள்.

இரண்டு வாரம் எங்கள் இருவரையும் அட்டைப்பெட்டி மடிக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். அங்கேதான் அவளைச் சந்தேகப்பட்டதைச் சொன்னேன். தெரியும் என்றாள். பிறகு தமிழில் தாள் வந்தது. இன்னும் ஒரு வருடம் பயிற்சி, அதன்பின் நிரந்தரம். நான்கு முறை படித்துவிட்டுக் கையெழுத்திட்டோம். 'அதன்பின்' என்ற சொல்தான் இப்போது உறுத்துகிறது. நல்ல தமிழ்ச் சொல்தான், இருந்தாலும்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். வேலை உறுதியானதை ஊரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டதாகச் சொன்னாள்.

"இல்லம்மா, இன்னும் ஒரு வருசம் கீது."

"ஏட்டி, இது யாரு பேச்சு?" என்றாள்.

என் தென்காசிப் பேச்சை வைத்து லைனில் இன்னும் என்னை 'ஏட்டி' என்றுதான் கேலியாகக் கூப்பிடுகிறார்கள் என்பதை அவளிடம் சொல்லவில்லை.