வேலையைப் பார்க்க அழைத்துப் போன அம்மா

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களும் நண்பர்களும் அம்மாவை ஏதோ ஒரு வகையில் அறிந்தவர்கள்தான். அலுவலகத்தில் அறிந்தவர்கள் உண்டு, புதுப்பட்டினம் கடைவீதியில் அறிந்தவர்கள் உண்டு. நான் அறிந்த அம்மாவை இந்த ஓராண்டு நிறைவில் எழுதி வைக்கிறேன்.

அம்மா கருங்குழியை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்தார். தாத்தாவும் ஆயாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். அந்தத் தெருவிலிருந்து பள்ளி இறுதி வரை படித்த முதல் பெண் அம்மா. தட்டச்சும் பழகி, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டு ஏழு ஆண்டுகள் காத்திருந்தார். அந்தக் காலத்தில் நாற்று நடவும் போனார். கடைசியில் அழைப்புக் கடிதம் வந்தது. செங்கல்பட்டில், வேலை தேடுவோரின் பெயரைப் பதியும் அதே அலுவலகத்திலேயே அம்மாவுக்குப் பணி கிடைத்தது. அதனால் அந்தப் பதிவின் மேல் அவருக்கு அசையாத நம்பிக்கை.

கல்பாக்கத்தில் பணியாளர் பேருந்து ஓட்டிய அப்பாவை மணந்து புதுப்பட்டினத்துக்கு வந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல், தினமும் பேருந்தில் செங்கல்பட்டுக்குப் போய் வந்தார்.

நான் ஒரே பிள்ளை. பொறியியல் முடித்து மூன்று ஆண்டுகள் வேலையில்லாமல் வீட்டில் இருந்தேன். அம்மா சொன்ன வங்கித் தேர்வுகளை எழுதித் தோற்றேன். பகலில் வெளியே போவதையே நிறுத்திவிட்டேன்.

அப்படி ஒரு நாள், பதிவைப் புதுப்பிக்க எங்கள் ஊர்ப் பெண் தேன்மொழி அம்மாவின் மேசைக்கு வந்தாள். அவளுடைய அம்மா சந்தையில் மீன் விற்பவர். தேன்மொழி பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, கம்ப்யூட்டர் வகுப்புக்கும் போய்விட்டு, வீட்டில் இருந்தாள். படிவத்தை நீட்டியபடி அவள் கேட்டிருக்கிறாள்:

"மேடம், உங்க பையனுக்காவது இது வேல வாங்கிக் குடுத்துச்சா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அம்மா அன்று மாலை வீட்டுக்கு வந்து, பையைக் கூட இறக்காமல், நடந்ததை என்னிடம் அப்படியே சொன்னார்.

"அந்தப் பொண்ணு கேட்டது சரிதான்டா. இத்தினி வருசமா இன்னா படிச்சிருக்கன்னுதான் எல்லாரையும் கேட்டுகினு இருந்தேன். ஒரு வேலைய கண்ணால பாத்திருக்கியான்னு யாரையும் கேக்கல. உன்னையும் கேக்கல."

அடுத்த சனிக்கிழமை அலுவலகம் விடுமுறை. தேன்மொழியையும் என்னையும் மாமல்லபுரம் சாலையில் இருந்த ஒரு பெரிய விடுதிக்கு அழைத்துப் போனார். அங்கே பராமரிப்புப் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்தவர் அப்பாவுக்குத் தெரிந்தவர். அவர் எங்களை மொட்டை மாடிக்குக் கூட்டிப் போய், வரிசையாக நின்ற ஏசி எந்திரங்களைக் காட்டினார். உப்புக்காற்றில் தகடெல்லாம் அரித்துக் கிடந்தது.

"வருசம் பூரா இந்த ரோட்ல இதான் வேல. கையெழுத்துப் போட ஆள் வராங்க, ஏணி ஏற ஆள் இல்ல" என்றார்.

"ஏணிய காட்டுங்க சார்" என்றாள் தேன்மொழி. அவர் தயங்கினார். அவள் துப்பட்டாவை இழுத்துக் கட்டிக்கொண்டு ஏறிக் காட்டினாள். அவளை அன்றே சேர்த்துக்கொண்ட மேற்பார்வையாளர், என்னையும் உதவியாளாகச் சேரச் சொன்னார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி நழுவினேன்.

பேருந்தில் வரும்போது அம்மாவிடம் சீறினேன். "ஊரே சிரிக்கணும்னு கூட்டிகினு வந்தியா?"

"சிரிக்கட்டும். மூணு வருசமா வூட்லயே கெடந்தியே, யாருனா அழுதாங்களா?"

அதற்குப் பிறகும் நான் அந்த வேலைக்குப் போகவில்லை. அம்மா வற்புறுத்தவில்லை. ஆனால் சனிக்கிழமைகளை நிறுத்தவும் இல்லை. அரிசி ஆலை, அச்சகம், ரத்தப் பரிசோதனைக் கூடம் என்று வேறு பிள்ளைகளை அழைத்துப் போனார். எல்லோரிடமும் ஒன்றுதான் சொல்வார்: "புடிக்கலன்னா வேற பாக்கலாம். பாக்காம மட்டும் வேணாம்னு சொல்லாத." ஐந்து வேலைகளைப் பார்த்துவிட்டு ஆறாவதாக ஆடு வளர்க்கப் போன பையனைப் பற்றி அம்மா பெருமையாகவே பேசுவார்.

என்னை மாற்றியது தேன்மொழி. ஒரு மாலை பேருந்து நிறுத்தத்தில் நிறுத்தினாள். கையெல்லாம் கிரீஸ்.

"அண்ணா, கம்ப்ரசர்ல பிரஷர் ஏன் ஏறுதுன்னு நீங்க புக்ல படிச்சிருப்பீங்கல்ல? கொஞ்சம் சொல்லுங்க. அங்க கேட்டா உனக்கெதுக்கு அதெல்லாம்னு சொல்றாங்க."

எனக்கு நினைவில்லை. வீட்டுக்கு வந்து பரணிலிருந்து புத்தகத்தை இறக்கிப் படித்தேன். மறுநாள் நிறுத்தத்திலேயே நின்று அவளுக்கு விளக்கினேன். கவனமாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "புரிது. ஆனா கையில புடிச்சா வேற மாதிரி கீதுண்ணா."

அந்த வாரமே உதவியாளாகச் சேர்ந்தேன். முதல் நாள் காலை அம்மா, "டிபன் பாக்ஸ் ரெண்டு அடுக்கு போதுமா, மூணா?" என்று மட்டும் கேட்டார். அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அழுதார் என்று பிறகு அப்பா சொன்னார்.

ஸ்பேனர் பிடிக்கத் தேன்மொழி எனக்குக் கற்றுக்கொடுத்தாள். நான் அவளுக்குப் படித்துச் சொன்னேன். சில ஆண்டுகளில் இருவரும் சேர்ந்து சொந்தமாகப் பழுதுபார்க்கும் நிறுவனம் தொடங்கினோம். இன்று கோவளத்திலிருந்து கல்பாக்கம் வரை விடுதிகளில் எங்கள் ஆட்கள் ஏணி ஏறுகிறார்கள். அவர்களில் பாதிப்பேர் அம்மாவின் சனிக்கிழமைகளில் வந்தவர்கள்.

பணி ஓய்வுக்குப் பிறகும் அம்மா ஓயவில்லை. புற்றுநோய் என்று தெரிந்த பின்னும் மருந்து நாட்களைச் சனிக்கிழமை வராதபடி மாற்றித் தரச் சொல்லி மருத்துவரிடம் வாதாடினார். மருத்துவமனைப் படுக்கையில் இருந்துகொண்டே, ஸ்கேன் எடுக்கும் வேலைக்கு என்ன படிக்க வேண்டும் என்று செவிலியரிடம் விசாரித்து வைத்தார்.

கடைசிச் சனிக்கிழமை அம்மாவால் எழுந்து உட்கார முடியவில்லை. நான் பக்கத்திலேயே இருந்தேன்.

"பஸ் ஸ்டாண்டுல பசங்க வந்துகினு இருப்பாங்க. நீ கூட்டிகினு போ."

"உன்ன இப்டி வுட்டுட்டாம்மா?"

"அப்பா கீறாருல்ல. போடா."

போனேன். நான்கு பேர் நின்றிருந்தார்கள். ஒரு படகுப் பட்டறைக்கு அழைத்துப் போனேன். மாலையில் வந்து, யார் எதைப் பார்த்தார்கள், என்ன கேட்டார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அம்மா கண்ணை மூடியபடியே கேட்டார். "ஓரமா நின்ன பொண்ணு யாருனா உண்டா? அந்தப் பொண்ண மறுபடி கூட்டிகினு போ" என்றார். செவ்வாய்க்கிழமை காலை, அப்பாவும் நானும் அருகிலிருக்க, அமைதியாக மறைந்தார்.

அம்மாவைத் தாயைப் போலப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், இறுதி நாளில் கருங்குழியிலிருந்து வந்து தோள் கொடுத்த மாமாக்களுக்கும், காரியம் வரை எங்கள் வீட்டு அடுப்பை மூட்டவிடாமல் உணவு கொடுத்த தெருவாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. முன்பின் தெரியாத பிள்ளைகளுக்குத் தங்கள் பட்டறைக் கதவைத் திறந்துவிட்ட ஒவ்வொருவருக்கும் அம்மாவின் சார்பில் கைகூப்புகிறேன்.

உங்கள் வீட்டில் வேலையில்லாமல் யாராவது இருந்தால், சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் புதுப்பட்டினம் பேருந்து நிறுத்தத்துக்கு அனுப்பி வையுங்கள். சான்றிதழ் எதுவும் எடுத்து வரவேண்டாம். நானோ தேன்மொழியோ அங்கே நிற்போம்.