பிரேயரில் மூடாத கண்

எட்டு வயதில் கண்ணடித்தேன் என்று சொல்லி என்னைப் பிரம்பால் அடித்தார்கள். நான் யாருக்கும் கண்ணடிக்கவில்லை. இதை எழுதவாவது எனக்கு எழுத்து தெரிகிறதே.

பாகூர் பக்கம் எங்கள் ஊர். அப்பா, அம்மா இருவரும் ஒரு பண்ணையில் கூலி. மாட்டுக்கு உண்ணி பிடுங்குவது எங்களைப் போன்ற பிள்ளைகளின் வேலை. காதிலும் வாலடியிலும் கிள்ளி எடுத்துக் கொட்டாங்குச்சியில் இருக்கும் மண்ணெண்ணெயில் போடுவோம். ஒருநாள் என் காதுக்குப் பின்னாலேயே ஒன்று ஒட்டியிருந்தது. அம்மா பீடி நெருப்பைக் காட்டிப் பிய்த்தாள். அந்த இடம் தடித்து வட்டமாகப் படர்ந்தது. சுண்ணாம்பு தடவினாள்.

பிறகு காய்ச்சல். கழுத்தைத் திருப்ப முடியவில்லை. அது தணிந்த பிறகு ஒரு காலையில் வாய் கொப்பளித்தேன். தண்ணீர் இடது ஓரமாக வழிந்தது. இடது கண் மூடவில்லை.

காத்து கருப்பு அடித்துவிட்டது என்றார்கள். முகத்தில் வேப்பிலையால் அடித்தார்கள். ஆஸ்பத்திரிக்கும் போனோம். உண்ணி கடித்ததை அம்மா கம்பவுண்டரிடம் சொன்னாள். அவர் சிரித்தார்.

"உண்ணி கடிச்சா மூஞ்சி கோணுமா? அப்ப ஊருல இருக்கற மாடெல்லாம் கோணிக்கினு இல்ல நிக்கணும்?"

காய்ச்சல் மாத்திரை கொடுத்து அனுப்பினார். ரொம்ப வருடம் கழித்து ஒரு டாக்டர் சொன்னார், சில உண்ணிக் கடி பிள்ளைகளின் நரம்பைப் பிடிக்கும், முகம் கோணும் என்று. எனக்கு வந்தது அதுதானா என்று இப்போது சொல்ல முடியாதாம். சரி. அன்றைக்கு ஒருவராவது காதுக்குப் பின்னால் பார்த்திருக்கலாம்.

ஒரு வாரம் பொறுத்துப் பள்ளிக்கூடம் போனேன். மூன்றாம் வகுப்பு. காலையில் பிரேயருக்கு எல்லாரும் கண்ணை மூடி நிற்க வேண்டும். வலது கண்ணை மூடினேன். இடது கண் திறந்தபடி பெரிய வாத்தியாரைப் பார்த்தது.

"யாரப் பாத்துடி கண்ணடிக்கிற?"

"இல்ல சார், மூட வரல."

"இன்னொரு கண்ணு மட்டும் மூட வருதா?"

அடித்தார். அழுதேன். பாதி முகத்தில் அழுதால் பார்க்கிறவருக்குச் சிரிப்பது போலத் தெரியும். அதற்கும் சேர்த்து அடித்தார்.

மறுநாள் அம்மா வேலையை விட்டு என்னோடு வந்தாள். காலில் சேறு. வாசலிலேயே நின்றாள்.

"சார், நான் சொன்னா நம்ப மாட்டீங்க. உங்க கையால மூடிப் பாருங்க."

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். எங்கள் தெருப் பிள்ளைகளை அவர் தொட்டதில்லை. அடிக்கவும் பிரம்புதான். அம்மாவே விரலால் என் இமையை இழுத்து மூடி, விரலை எடுத்தாள். கண் திறந்துகொண்டது. அவர் பார்த்தார். அடித்தது தப்பு என்று சொல்வார் என்று நின்றோம்.

"மத்த புள்ளைங்க பயப்படுது. நேரா ஆன அப்பறம் கூட்டியா" என்றார்.

பொய்யில்லை என்று தெரிந்த பிறகுதான் வெளியே அனுப்பினார். அதைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை.

தூங்கும்போது அம்மா கண்ணின் மேல் துணி கட்டிவிடுவாள். மூன்று மாதத்தில் முகம் தானாக நேரானது. அன்றைக்கே போனோம். இரண்டு கண்ணையும் மூடிக் காட்டினேன். ரிஜிஸ்டரில் பேரை அடித்தாகிவிட்டது, ஜூனில் வாங்க என்றார். ஜூனில் போனோம். எல்லாம் மறந்திருக்கும், ஒண்ணாவதில் உட்காரட்டும் என்றார். நான் எதையும் மறக்கவில்லை. எழுதிக் காட்டுகிறேன் என்றேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அம்மா என் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் இருக்கும் வழியில் அவள் நடக்கவில்லை. வயலுக்கு ஏரிக்கரையைச் சுற்றித்தான் போவாள். அவள் பின்னாலேயே நானும் நடவுக்குப் போனேன்.