அந்தத் தாயைக் கேட்காமல் கொடுத்த மன்னிப்பு

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஈஸ்டருக்குச் சில வாரங்களே இருந்தபோது, மகளைப் பறிகொடுத்த ஒரு தாய்க்கு ஞானஸ்நானம் கிடையாது என்று சொன்னேன். மலேசியாவின் கோல சிலாங்கூரில் எங்கள் சபைக் கட்டடத்தின் பின்னறையில் அது நடந்தது. போதகர் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. ஓய்வு பெற்ற ஆசிரியர் என்ற மரியாதையில் ஞானஸ்நான வகுப்பை என்னிடம் ஒப்படைத்திருந்தார்கள். அந்த மரியாதையை நான் இப்படித்தான் செலவழித்தேன். நினைத்தால் இன்றும் என்மேல் ஆத்திரமாக வருகிறது.

அந்த அம்மா செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை செய்தவர். இந்துக் குடும்பம். பத்தொன்பது வயது மகள் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் வழியில் லோரி மோதி இறந்துபோனாள். லோரி நிற்காமல் போய்விட்டது. அப்போது துக்கத்துக்குப் போய் உட்கார்ந்திருந்த எங்கள் சபைப் பெண்களோடு ஏற்பட்ட பழக்கத்தில் அவர் எங்கள் சபைக்கு வரத் தொடங்கினார். சில வருடம் கழித்து, தானே ஞானஸ்நானம் கேட்டார்.

வகுப்பில் எட்டுப் பேர். அந்த நாட்களில் ஒரு ஞாயிறு, கெர்லிங் என்ற ஊரிலிருந்து ஒருவன் வந்து சாட்சி சொன்னான். ஜெயிலில் இருந்தபோது ஆண்டவரை ஏற்றுக்கொண்டவன். அவனை அழைத்தது நான்தான். முதல் நாள் போனில் பேசி, "விபத்தைப் பத்தி ரொம்ப இழுக்க வேணாம். மன்னிப்பைப் பத்திப் பேசு, அதுதான் முக்கியம்" என்று திருத்தியும் கொடுத்தேன். அவனும் அப்படியே, "ஒரு விபத்து நடந்துபோச்சு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, தன் பாவமெல்லாம் கழுவப்பட்டதைக் கண்ணீரோடு சொன்னான். எல்லாரும் கைதட்டினோம். முன்வரிசையில் நின்று தட்டியவன் நான்.

அடுத்த வகுப்பில் விசுவாசப் பிரமாணத்தை ஒவ்வொருவராக ஒப்பித்தார்கள். அந்த அம்மா தடங்கலில்லாமல் சொல்லிக்கொண்டு வந்தார். பாவ மன்னிப்பை விசுவாசிக்கிறேன் என்ற வரி வந்ததும் வாயை மூடிக்கொண்டார்.

வகுப்பில், பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் விற்கும் கடைக்காரர் ஒருவர் இருந்தார். "என்னக்கா, லைன் கட்டாயிருச்சா?" என்றார். எல்லாரும் சிரித்தோம். அந்த அம்மா சிரிக்கவில்லை.

வகுப்பு முடிந்து நானும் அவரும் மட்டும் இருந்தபோது சொன்னார்: "அன்னிக்குப் பேசினானே, அவன்தான் சார் எம்பொண்ண அடிச்சுப் போட்டவன். கோர்ட்டுல பாத்த மூஞ்சி, மறக்குமா?"

எனக்கு அது தெரியாது. தெரிந்த அந்த நொடியில் நான் வாயடைத்துப் போயிருக்க வேண்டும். ஆனால் என்னிடம் பதில் தயாராக இருந்தது. "அவர் தண்டனையை அனுபவிச்சிட்டாரும்மா. ஆண்டவரும் மன்னிச்சிட்டார். நீங்களும் மன்னிச்சுத்தான் ஆகணும்."

"அன்னிக்கு மோட்டார்ல போனது எம்பொண்ணா, ஆண்டவரா? என்கிட்ட அவன் ஒரு வார்த்த கேக்கல. நீங்களா குடுத்துட்டு நீங்களா கைதட்டிக்கிட்டீங்க."

"அந்த வரியைச் சொல்லாதவருக்கு ஞானஸ்நானம் கிடையாது. முதல்ல சொல்லுங்க, நம்பிக்கை தானா வரும்."

"அப்ப வந்தப்புறம் சொல்றேன் லா, சார்." குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பட்டியலில் அவர் பெயரை அடித்துவிட்டேன்.

ஈஸ்டரன்று ஏழு பேர் தலையில்தான் தண்ணீர் விழுந்தது. ஆராதனை முடிந்ததும் ரொட்டி சானாய் கடைக்காரர், ஈரத்தலையோடு என்னிடம் வந்து, அந்த அக்கா ஏன் வரவில்லை என்று கேட்டார். சொன்னேன். கெர்லிங்காரன் செய்த பாவம் அவனுக்கும் ஆண்டவருக்கும் இடையில் உள்ளது என்றும் சொன்னேன்.

அவர் யோசித்துவிட்டு, "என் கடையில நான் ஒருத்தர் சட்டையில தே தாரிக் டீயைக் கொட்டிட்டு, நேரா அடுப்படிக்குப் போய் ஆண்டவர்கிட்ட சாரி சொன்னா, அந்த ஆளு விடுவாரா சார்?" என்றார்.

விளையாட்டுப் பேச்சா இது என்று அவரைக் கடிந்துகொண்டேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் கோபம் அடங்கவில்லை. காணிக்கையை அப்படியே வைத்துவிட்டு, முதலில் போய் உன் சகோதரனோடு ஒப்புரவாகு என்று இயேசு சொன்னதை எத்தனை முறை பாடமாக நடத்தியிருக்கிறேன்! கெர்லிங்காரனுக்கு மட்டும் அதைச் சொல்லவில்லை. அழுகிற சாட்சி எனக்குப் போதுமானதாக இருந்தது. அந்தக் கோபம் யார்மேல் என்பது அப்போதுதான் புரிந்தது.

மறுநாளே அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு வெளியே நின்றே, நான் செய்தது தப்பு, மன்னியுங்கள் என்றேன். அந்த வரி இல்லாமலே போதகரிடம் பேசி ஞானஸ்நானத்துக்கு ஏற்பாடு செய்கிறேன் என்றேன்.

"சலுகையா சார்? வேணாம். அவன வரச் சொல்லுங்க."

கெர்லிங்கில் அவன் ஒரு டயர் கடையில் வேலை பார்த்தான். "பழசெல்லாம் ஒழிஞ்சுபோச்சுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க? இப்ப ஏன் கிளறுறீங்க?" என்று கேட்டான். நடுத்தெருவில் நின்று கத்தினேன்: "பாதியைத்தான்டா சொன்னேன்! மீதியைச் சொல்லத்தான் வந்திருக்கேன்!" நான்கு முறை வெறுங்கையோடு திரும்பினேன். ஐந்தாவது முறை, கடையை விட்டு இறங்கி வந்து காரில் ஏறினான். வழியில் இரண்டு இடத்தில் இறங்கி வாந்தி எடுத்தான்.

அந்த அம்மா கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். ஒரே கேள்விதான் கேட்டார். "திரும்பிப் பாத்தியா?"

"கண்ணாடியில பாத்தேங்க்கா. அந்தப் பொண்ணு கை அசஞ்சிச்சு. பயந்து போயிட்டேன்."

காலிலிருந்த சிலிப்பரைக் கழற்றி அவனை அடித்தார். அவன் கையைத் தூக்கவில்லை. தடுக்கப் போனேன். "நீங்க நடுவுல வராதீங்க சார்!" என்றார். கை ஓய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். அவனும் எதிரே மண்டியிட்டு, மன்னிக்கச் சொல்லிக் கேட்டான். முதல் முறையாக, கேட்க வேண்டியவரிடம்.

"கேட்டுட்டல்ல, போ. பதில நான் சொல்றப்ப சொல்றேன்."

அடுத்த ஞாயிறு சபை முன் நின்று நடந்ததைச் சொன்னேன். வகுப்பையும் விட்டுவிட்டேன். நான் கிருபையைக் கொச்சைப்படுத்திவிட்டதாகச் சிலர் இன்றும் என்னோடு பேசுவதில்லை. அந்த அம்மா சபைக்குத் திரும்பவில்லை. அவனுக்குப் பதிலும் சொல்லவில்லை. எனக்கும்தான். கடவுள் மன்னிக்கிறார் என்பதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை. ஆனால் அதைச் சாக்காக வைத்து ஒரு தாயின் வாசலைத் தாண்டிப் போகலாம் என்று ஒருவனுக்குக் கற்றுக்கொடுத்தேனே, அந்தக் கோபத்தோடுதான் தினமும் ஜெபத்துக்கு முழங்கால் போடுகிறேன்.