நகராத சைக்கிளும் ஆரஞ்சு பாட்டிலும்

ஓரடிகூட நகராத சைக்கிளை மிதித்து வியர்ப்பவர்களுக்குக் குடிக்க எடுத்துக் கொடுப்பதுதான் என் வேலை. உணவியல் படித்துவிட்டு, சிதம்பரத்தில் ஒரு ஜிம்மின் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கிறேன். வாடிக்கையாளரிடம் ஒன்றைச் சொல்வதற்குள் நாக்கு ஒட்டிக்கொள்கிற ரகமா நீங்களும்? அப்படியென்றால் என் அதிர்ச்சிகள் உங்களுக்குப் புரியும்.

படத்தில் ஓடுகிறவர்

காட்டுமன்னார்கோயிலில் அரிசி மில் வைத்திருக்கும் ராமலிங்கம் சாருக்குக் கண்புரை. சர்க்கரை இறங்கினால்தான் கடலூரில் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் தினமும் காலையில் டவுன் பஸ் ஏறி வந்து, ஏசியில் கொஞ்ச நேரம் மிதிப்பார். கண் மங்கல் என்பதால் மனைவி வசந்தா அம்மா துணைக்கு வந்து நாற்காலியில் காத்திருப்பார். சார் இறங்கியதும் தானே பிரிட்ஜைத் திறந்து, ஆரஞ்சு நிற ஸ்போர்ட்ஸ் டிரிங்க் ஒன்றை ஒரே மூச்சில் குடிப்பார்.

ஒரு மாதம் கழித்து ரிப்போர்ட்டைக் காட்டினார். சர்க்கரை ஏறியிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “இது மணிக்கணக்கா விடாம மிதிக்கிறவங்க களைச்சுப் போகாம இருக்கக் குடிக்கிறது சார். அதுக்காகவே சர்க்கரை கலந்திருக்கு. உங்களுக்குப் பச்சைத் தண்ணியே போதும்” என்று எனக்கே கேட்காத குரலில் சொன்னேன். அவர் பாட்டிலைத் திருப்பி, அதிலிருந்த படத்தைக் காட்டினார்.

“ஓடறான் பாரு, எவ்ளோ ஒல்லியா இருக்கான். சக்கரை இருக்கறவனாட்டமா தெரியுது?”

அமாவாசை

ஆனாலும் குடிப்பதை நிறுத்தினார். அடுத்த அமாவாசையன்று மிதித்துக்கொண்டிருந்தவருக்குக் கை நடுங்கியது. சட்டை தொப்பலாக நனைந்து, பேச்சு குழறியது. “சாப்பிட்டாரா?” என்று வசந்தா அம்மாவைக் கேட்டேன். மதியம் படைத்து, காக்காவுக்குச் சோறு வைத்த பிறகுதான் சாப்பாடாம். ஆனால் சர்க்கரை மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

சர்க்கரை தாழ்ந்துவிட்டது என்று புரிந்தது. ஓடிப்போய் அதே ஆரஞ்சு பாட்டிலைத் திறந்து அவர் வாயில் வைத்து, “குடிங்க சார்” என்று கத்தினேன். ஜிம்மில் எல்லோரும் என் குரலைக் கேட்டது அன்றுதான். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இதத்தான பாப்பா, குடிக்காத குடிக்காதன்னு உசுர வாங்குன?”

தாகம்

டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். விரத நாளில் ஜிம் பக்கமே வரக்கூடாது என்றும் சொன்னார். சர்க்கரை இறங்கி, ஆபரேஷனுக்கு நாளும் குறித்துவிட்டார்கள். சார் அதைச் சொல்ல வந்த அன்று, அவர் பின்னால் எட்டிப் பார்த்தேன். நாற்காலியில் வசந்தா அம்மா ஆரஞ்சு பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தார். சார் விட்டதிலிருந்து, நான் கவனிக்காதபோது தினமும் அவர்தான் எடுத்துக் குடிக்கிறாராம். கேட்டதற்குச் சாதாரணமாகச் சொன்னார்.

“என்னமோ தெரியலம்மா, எவ்ளோ குடிச்சாலும் தாகம் அடங்க மாட்டேங்குது.”

இடமாற்றம்

அடங்காத தாகம் சர்க்கரைக்கு அறிகுறி. அம்மாவை எதிரிலிருந்த லேபுக்குக் கையோடு அழைத்துப் போனேன். சாருக்கு முதலில் இருந்ததைவிட அவருக்குச் சர்க்கரை ஜாஸ்தி இருந்தது. இப்போது வசந்தா அம்மா மாத்திரை போட்டுக்கொண்டு, டிபன் சாப்பிட்டுவிட்டு வந்து மிதிக்கிறார். குடிப்பது பச்சைத் தண்ணீர். ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு வந்த சார், அந்த நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

“ஏமாத்தாம மிதி வசந்தா. எனக்கு இப்ப கண்ணு நல்லாத் தெரியுது.”

இந்தத் தொழிலில் மிதிப்பவரைவிட, பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பவரைத்தான் அதிகம் கவனிக்க வேண்டியிருக்கிறது.