தோற்றவர்களின் பாட்டு

இது நடந்தது. செல்வராஜ் சொன்னது என்றதும் ஆக்லாந்தின் மவுண்ட் வெல்லிங்டனில் பாதித் தமிழர்கள் சிரிப்பார்கள் என்று தெரியும். அவர் சொல்கிற எந்தக் கதையிலும் கடைசியில் யாராவது ஒருவர் அவருக்கு சல்யூட் அடித்தே தீருவார். இதில் அப்படி யாரும் அடிக்கவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு நிற்பதோடு முடிகிறது. இது உண்மை என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. பொய் சொல்ல உட்கார்ந்திருந்தால் மனிதர் தனக்கு இன்னும் நல்ல வேஷமாக எடுத்துக்கொண்டிருப்பார்.

போன டிசம்பர் பதினான்கு, ஞாயிற்றுக்கிழமை. நள்ளிரவும் இல்லை, அமாவாசையும் இல்லை. பளீரென்று காலை வெயில். பக்கத்து வீட்டில் புல் வெட்டும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

செல்வராஜை எல்லோரும் கேப்டன் என்பார்கள். ராணுவத்தில் இருந்தேன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை. கல்லூரியில் மூன்று வருடம் என்.சி.சி. பிறகு பெங்களூரில் அதிகாரிகள் தேர்வு. முதல் நாள் மதியமே ஊருக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். பல வருடம் கழித்து நியூசிலாந்து வந்து, ஆக்லாந்தில் ஒரு ஷாப்பிங் சென்டரில் செக்யூரிட்டி சூப்பர்வைசர் ஆனார். தோளில் பட்டை வைத்த சட்டை. அதைப் பார்த்து யாரோ ஒருவர் கேப்டன் என்றார். இவர் மறுக்கவில்லை. பதவி உயர்வு அப்படித்தான் வந்தது.

மகள் அபர்ணா அமெரிக்காவில் இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போனபோது மாப்பிள்ளை ஆர்மி நேவி ஆட்டத்துக்கு அழைத்துப் போனார். அந்த நாட்டு ராணுவக் கல்லூரிக்கும் கடற்படைக் கல்லூரிக்கும் வருடம் ஒருமுறை நடக்கிற கால்பந்து. காலுக்கு அதில் பெரிய வேலை கிடையாது, முட்டி மோதுவதுதான். நூறு வருடத்துக்கு மேற்பட்ட போட்டி. ஆயிரக்கணக்கான மாணவர்கள் சீருடையில் அணிவகுத்து வந்ததும் செல்வராஜுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆர்மி என்று எழுதிய தொப்பி ஒன்றை வாங்கினார்.

அதிலிருந்து ஒவ்வொரு டிசம்பரும் வீட்டு டிவி முன்னால் விழாதான். அங்கே சனிக்கிழமை மாலை ஆட்டம், இங்கே ஞாயிறு காலை ஒன்பது மணி. பிளேசர், அதில் என்.சி.சி. பேட்ஜ், பாலிஷ் போட்ட ஷூ. கார்ப்பெட்டில் ஷூவோடு நிற்க மனைவி சாந்தகுமாரி அனுமதிக்கிற ஒரே நாள். வாட்ஸப்பில் எல்லோருக்கும் அழைப்புப் போகும்: "0830 மணிக்கு ஆஜராகவும்."

தவறாமல் ஆஜரானவர் ஒருவர்தான். இராசநாயகம். யாழ்ப்பாணத்துக்காரர், இரண்டு தெரு தள்ளி வீடு, பதினாறு வருடப் பழக்கம். அவருக்கு ஆர்மியும் வேண்டாம், நேவியும் வேண்டாம்.

"அப்புறம் எதுக்கு ராசா வர்றீங்க?"

"தோக்கிற பக்கத்துக்கும் ஒராள் வேணுமே, கப்டன்."

அந்த ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. முடிந்ததும் இரண்டு அணியும் சேர்ந்து போய் முதலில் தோற்றவர்களின் மாணவர்கள் முன்னால் நிற்பார்கள். தோற்ற கல்லூரியின் பாட்டு முதலில். ஜெயித்தவர்களின் பாட்டு அதற்குப் பிறகுதான். செல்வராஜ் இரண்டுக்கும் விறைப்பாக நிற்பார். இராசநாயகம் முதல் பாட்டுக்கு மட்டும் எழுந்திருப்பார். இரண்டாவது தொடங்கியதும் தேத்தண்ணி போடப் போய்விடுவார். "வென்ற ஆக்களுக்கு எழும்பி நிக்க உலகம் முழுக்க ஆள் இருக்கு."

இன்னொன்றும் உண்டு. ஆட்டத்துக்கு முன்னால் கைதிகள் பரிமாற்றம் என்று ஒரு சடங்கு. எதிர்க் கல்லூரியில் ஒரு பருவம் படிக்கப் போன மாணவர்களை மைதானத்தில் வைத்துத் திருப்பிக் கொடுப்பார்கள். பெயர்தான் கைதிகள், எல்லாம் வேடிக்கை. அப்போது மட்டும் இராசநாயகம் டிவி பக்கத்தில் போய் நின்று விரலால் ஒவ்வொருவராக எண்ணுவார். அவருடைய தம்பியைப் பத்தொன்பது வயதில் ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். அவன் பெயர் இன்றுவரை எந்தப் பட்டியலிலும் வரவில்லை.

"எல்லாரும் வந்திட்டினம்," என்று சொல்லிவிட்டு வந்து உட்காருவார்.

அந்த ஒரு விஷயத்தில் மட்டும் செல்வராஜ் வாயைத் திறந்ததில்லை. போன டிசம்பருக்கு முந்தைய டிசம்பர் வரை.

அந்த வருடம் தமிழ்ச் சங்கத்திலிருந்து பத்துப் பேர் வந்திருந்தார்கள். ஆட்டம் முடிகிற நேரம். புதுச் செயலாளர் பேட்ஜைப் பார்த்துக் கேட்டார், "சார் எந்த ரெஜிமென்ட்?"

"அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது."

"சொல்லலாம், கப்டன்," என்றார் சோபாவிலிருந்த இராசநாயகம். "ஞாயிற்றுக்கிழமை பரேட் முடிய பூரி குடுக்கிற ரெஜிமென்ட்."

பத்துப் பேரும் சிரித்தார்கள். செல்வராஜும் கூடச் சிரித்திருந்தால் அத்தோடு போயிருக்கும்.

"நான் பூரி தின்னவன்தான்யா. உங்க தம்பி மாதிரி எங்க போனான்னே தெரியாமப் போகல."

டிவியில் ஆர்மியின் பாட்டு தொடங்கியது. அன்று தோற்றது ஆர்மிதான். இராசநாயகம் எழுந்து நின்றார். பாட்டு முடியும் வரை நின்றார். கோப்பையைக் கொண்டுபோய்க் கழுவி வைத்துவிட்டு வெளியே போனார்.

ஒரு வருடம் பேச்சு இல்லை. ஆரம்பித்தது அவர்தானே என்பது செல்வராஜின் வழக்கு. முதலில் பாடுகிறவன் தோற்றவன். கேப்டன் எப்படித் தோற்பது?

நவம்பர் கடைசியில் சாந்தகுமாரி வந்து சொன்னாள். "ராசா அண்ணனை ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்களாம். போய்ப் பாருங்க."

"அவர் கூப்பிடட்டும். போறேன்."

ஒருநாள் கார் சாவியை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனார். திரும்பி வந்து சாவியை ஆணியில் மாட்டினார்.

அந்த ஞாயிறு காலை 6.20க்கு சாந்தகுமாரி முதியோர் இல்ல வேலைக்குக் கிளம்பினாள். "இன்னிக்காச்சும் ஒரு போன் பண்ணுங்க. ரொம்ப முடியலையாம்."

"ஆட்டம் முடியட்டும்."

இந்த வருடம் அழைப்பு யாருக்கும் போகவில்லை. ஆனாலும் பிளேசர் போட்டார், தொப்பி வைத்தார். மூன்று பேர் உட்காரும் சோபாவில் நடுவில் தனியாக உட்கார்ந்தார். டிவியைப் போட்டார்.

8.32. புல் வெட்டும் சத்தம் சட்டென்று நின்றது.

செல்வராஜ் திரும்பிப் பார்த்தார். பின்பக்கக் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் இராசநாயகம் நின்றுகொண்டிருந்தார்.

மெலிந்திருந்தார். மணிக்கட்டில் ஆஸ்பத்திரிப் பட்டை. காலில் செருப்பு இல்லை.

"ராசா! எப்ப விட்டாங்க?"

இராசநாயகம் வந்து சோபாவின் வலது ஓரத்தில் உட்கார்ந்தார். அந்தச் சோபா முழுக்க ஸ்பிரிங் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. பூனை உட்கார்ந்தாலும் கிறீச் என்னும்.

அன்று சத்தமே வரவில்லை.

செல்வராஜ் அதைக் கவனித்தார். ஆனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் மனதில் ஓடியது வேறு. வந்துவிட்டார்... அவரே வந்துவிட்டார்... அப்படியென்றால் ஜெயித்தது நான்தானே? வெட்கக்கேடுதான். ஆனால் அந்த நிமிடம் அவர் நினைத்தது அதைத்தான். பின்னாளில் அவரே சொன்னது.

8.34. இராசநாயகம் திரும்பாமலே சொன்னார்.

"கொஞ்சம் தள்ளி இரும், கப்டன். அவனும் இருக்கட்டும்."

இராசநாயகத்தின் மகன் நிமலன் காரை நிறுத்திவிட்டு வருகிறான் போல என்று செல்வராஜ் இடது ஓரத்துக்கு நகர்ந்தார். நடு இடம் காலி.

யாரும் உள்ளே வரவில்லை.

கிறீச்...

நடு மெத்தை மெல்ல அமுங்கியது. ஓர் ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு அமுங்குமோ, அவ்வளவு.

செல்வராஜ் எழுந்து சமையலறைக்குப் போனார். பயம் என்று அப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை. தேத்தண்ணி போடப் போவதாகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். கெட்டில் கொதித்தது. இரண்டு கோப்பை. ஒரே தண்ணீர். கொண்டுவந்து வைத்தார்.

அவருடைய கோப்பையில் ஆவி பறந்தது.

இராசநாயகத்தின் கோப்பையில் இல்லை.

8.47. கைதிகள் பரிமாற்றத்தைக் காட்டினார்கள். இராசநாயகம் டிவி பக்கத்தில் போகவில்லை. இருந்த இடத்திலிருந்தே விரல் மடக்கினார். கடைசி விரலை மடக்கியபோது அவர் டிவியைப் பார்க்கவில்லை. தன் பக்கத்து இடத்தைப் பார்த்தார்.

"எல்லாரும் வந்திட்டினம்," என்றார். "இந்தமுறை ஒராள் கூடுதலா."

செல்வராஜின் வலது முழங்கை சில்லென்றது. நடு மெத்தைப் பக்கம் இருந்த கை அது.

9.00. ஆட்டம் தொடங்கியது.

இப்போது பேசிவிடலாம் என்று நினைத்தார். முதல் இடைவேளையில் சொல்லலாம். விளம்பரம் வரட்டும். பாதி ஆட்டம் ஆகட்டும். ஒரு வருடம் தள்ளிப்போட்டுப் பழகிய வாய்.

10.31. முகம் கழுவிவிட்டு வந்தார். நடு மெத்தை அமுங்கியபடியே இருந்தது.

11.40. தேத்தண்ணி அப்படியே இருந்தது. தெருவில் ஒரு சத்தம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு கார் கூடவா ஓடாது?

12.18. ஆட்டம் முடிந்தது. ஒரே ஒரு புள்ளி. ஆர்மி தோற்றது.

இரண்டு அணியும் போய் ஆர்மி மாணவர்கள் முன்னால் நின்றன. பாட்டு தொடங்கியது.

இராசநாயகம் எழவில்லை.

அத்தனை வருடத்தில் முதல்முறை... எழவில்லை.

முகத்தைத் திருப்பி செல்வராஜைப் பார்த்தார். கோபம் இல்லாத முகம். களைத்த முகம்.

"உம்மட பாட்டு, கப்டன்."

செல்வராஜ் எழுந்தார். விறைப்பாக நிற்க வரவில்லை. தொப்பியைக் கழற்றினார்.

"ராசா... அன்னிக்கு நான் சொன்னது..."

"எனக்கில்லை. அவனுக்குச் சொல்லும்."

நடுவில் காலி இடம். அமுங்கிய மெத்தை.

செல்வராஜ் அதைப் பார்த்துச் சொன்னார்.

"தம்பி... தெரியாமச் சொல்லிட்டேன்னு சொல்ல மாட்டேன். தெரிஞ்சுதான் சொன்னேன். மன்னிச்சிரு."

பிறகு, யாரும் கேட்காமலே,

"நான் கேப்டன் இல்லப்பா."

கிறீச்...

மெத்தை மெல்ல மேலே வந்தது.

நிமிர்ந்தது.

டிவியில் இரண்டாவது பாட்டு. ஜெயித்தவர்களுடையது.

வலது ஓரம் காலி.

12.21.

பின்பக்கக் கதவு சாத்தியிருந்தது. உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. ராத்திரி சாந்தகுமாரி போட்ட தாழ்ப்பாள்.

பக்கத்து வீட்டில் மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

12.50க்கு நிமலன் போன் செய்தான். அப்பா போய்விட்டார். நேரம் 12.21.

ஏழெட்டு நிமிடத்தில் போய்ச் சேரக்கூடிய ஆஸ்பத்திரி. மூன்று வாரம் அங்கே கிடந்த மனிதர். சாவி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

மனுரேவாவில் ஒரு மண்டபத்தில் இறுதிச் சடங்கு. வாசலில் சங்கத்துக்காரர் ஒருவர் "வாங்க கேப்டன்" என்றார். "செல்வராஜ்னு கூப்பிடுங்க," என்றார் இவர். பேட்ஜ் இல்லை, பிளேசர் இல்லை. ஓர் ஓரமாக நின்றார்.

எல்லாம் முடிந்தபின் நிமலன் பக்கத்தில் வந்தான். இங்கேயே வளர்ந்தவன், ஆனாலும் அப்பாவின் பேச்சு அப்படியே வரும்.

"அங்கிள், ஒண்டு கேக்கவேணும். அப்பாவுக்கு முதல்நாள் இரவே நினைவு போயிட்டுது. விடியமுதல் முடிஞ்சிடும் எண்டுதான் டாக்குத்தர் சொன்னவர். ஆனா மத்தியானம் வரைக்கும் கிடந்தவர். எதுக்கோ காத்துக்கொண்டு கிடந்த மாதிரி."

"எழுந்து எங்கயும் போகலையே?" என்று கேட்டார் செல்வராஜ்.

"கட்டிலை விட்டு அசையேல்லை. நான் கையைப் பிடிச்சபடி பக்கத்திலயே இருந்தனான். கண் திறக்காமலே இடைக்கிடை கதைச்சவர், ரெண்டுதரம்தான் விளங்கினது. நேர்ஸ் நேரம் குறிச்சு வச்சிருக்கிறா. எட்டு முப்பத்திநாலுக்கு, 'கொஞ்சம் தள்ளி இரும், அவனும் இருக்கட்டும்' எண்டார். என்னைத்தான் சொல்லுறார் எண்டு கதிரையைத் தள்ளிப் போட்டன்."

நிமலன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"மற்றது பன்னிரண்டு இருபதுக்கு. அதுதான் கடைசி. 'எனக்கில்லை. அவனுக்குச் சொல்லும்' எண்டார். ஆரோட கதைச்சவர், ஆருக்கு என்னத்தைச் சொல்லச் சொன்னவர்... உங்களுக்கு ஏதும் தெரியுமோ, அங்கிள்?"

செல்வராஜ் தலையைக் குனிந்துகொண்டார்.