அத்தை சொன்ன காடு

பச்சைத் தென்னங்கீற்றின் வாசனை என் மாமியாருக்கு ஆகாது. உலு திராம் ஊரில் நாங்கள் புதுமனை புகுந்த அன்று வாசல் கேட்டில் கீற்றுகளைக் கட்டியிருந்தோம். முதல் ஆளாக உள்ளே வரவேண்டியவர், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வீட்டைச் சுற்றிப்போய் அடுப்படிக் கதவு வழியாக வந்தார். விருந்தாளிகள் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். மருமகள் ஏதோ செய்துவிட்டாள் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு வந்த எரிச்சலில் அன்று காரணம் கேட்கவே தோன்றவில்லை.

பல வருடம் கழித்து, குளுவாங் ஊரில் நடந்த ஒரு கூட்டத்துக்கு முந்தைய வாரத்தில், அத்தை தானாகவே அதைச் சொன்னார். போர்க்காலத்தில் சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் பிடித்துப்போன தோட்டத் தொழிலாளர்களின் குடும்பங்களைக் கூட்டி, பெரியவர்கள் சொல்வதைப் பதிவு செய்யப்போவதாக அழைப்பு வந்திருந்தது. அத்தையின் அண்ணனுக்கு மாலை மரியாதையும் உண்டு. நாங்கள் பெரிய மாமா என்று கூப்பிடும் அவர் காட்டில் ஒளிந்து தப்பியவர் என்பது குடும்பத்தில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அவர்களுடைய அப்பா மட்டும் பிடிபட்டுச் சயாமுக்குப் போய்த் திரும்பவில்லை. இதுதான் குடும்பத்தில் எல்லாரும் கேட்டிருந்த கதை.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை தலை நிமிராமல், "அண்ணன் காட்டுக்கெல்லாம் போகலம்மா. என் குடிசையிலதான் இருந்தாரு" என்றார்.

பெயர்ப் பட்டியலோடு கங்காணி வரப்போகிறார் என்று தெரிந்ததும் அவர்களுடைய அம்மா தொழிலாளர் வீட்டு வரிசையான லயம் முழுக்கக் கேட்கும்படி, மகள் பெரியமனுஷியாகிவிட்டாள் என்று சொல்லிவிட்டார். அத்தைக்கு அப்போது பதினொரு வயது. உண்மையில் ஒன்றும் ஆகியிருக்கவில்லை. தாய்மாமன் கீற்று வெட்டி லயத்து ஓரத்தில் குடிசை கட்டினார். தீட்டுக் குடிசைப் பக்கம் ஆண்கள் வரமாட்டார்கள். அந்த ஒரு நம்பிக்கையில், பதினேழு வயது மகனை அம்மா உள்ளே தள்ளிவிட்டார். அண்ணன் பாய்க்குப் பின்னால் சாக்கைப் போர்த்திக்கொண்டு முடங்கிக் கிடந்தார். அத்தை தன் சோற்றில் பாதியைப் பின்னால் தள்ளுவார். அண்ணனுக்கு இருமல் வந்தால் இவர் வயிற்றுவலி என்று கத்துவார். பதினாறு நாள் முடிந்து குடிசையைக் கொளுத்தும்போது என்ன செய்வது என்ற பயத்தில் தனக்குத் தூக்கமே வரவில்லை என்றார்.

ஒன்பதாம் நாள் கங்காணி இரண்டு சிப்பாய்களோடு வந்தார். பையன் ஓடிவிட்டான் என்று அப்பா சொன்னார். ஒரு சிப்பாய் துப்பாக்கி முனையால் கீற்றை விலக்கப் போனான். கங்காணி பதறித் தடுத்தார். ஆனால் பட்டியலில் ஓர் ஆள் குறைந்தது.

"அப்பா சொன்னாரு, ஆளுதானே வேணும், நான் வர்றேன்னு. கட்டியிருந்த சாரத்தோட போனாரு. குடிசப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல. பாத்தா அவனுங்க கண்டுபிடிச்சிருவாங்கல்ல, அதான் பாக்கல."

அத்தை கீரையைக் கீழே வைத்துவிட்டார். "அப்பா எப்படிப் போனாருன்னு கீத்து இடுக்குல பாத்தவ நான். அண்ணன் வாயத் தொறக்கமாட்டாரு. நானும் போயிட்டா எங்கப்பா சும்மா மாட்டிக்கிட்ட ஆளுதான். கூட்டத்துல சொல்லிடறேன்மா."

பெரிய மாமாவுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது, இதயம் பலவீனம். தன் பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் முன்னால், தங்கையின் தீட்டுக் குடிசையில் ஒளிந்தவர், அப்பாவைத் தனக்குப் பதிலாக அனுப்பியவர் என்று கேட்டால் அந்த இடத்திலேயே ஏதாவது ஆகிவிடும். காரில் குளுவாங் வரைக்கும் இதையே சொல்லிக்கொண்டு போனேன். அத்தை செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மண்டபத்தில் மாமா மாலையோடு முன்வரிசையில் சக்கர நாற்காலியில் இருந்தார். அத்தைக்குப் பக்கத்தில் நான் தண்ணீர்ப் போத்தலோடு உட்கார்ந்திருந்தேன். அத்தை கையில் மைக்கைக் கொடுத்ததும் "எங்க அண்ணன்..." என்று தொடங்கி, மாமாவைப் பார்த்து நின்றுவிட்டார். மாமா தலையைக் குனிந்துகொண்டார். அத்தையின் முழங்கையைத் தொட்டேன். "காடு, அத்தை" என்றேன்.

"காட்டுல ஒளிஞ்சிருந்தாரு" என்றார் அத்தை. எல்லாரும் கைதட்டினார்கள்.

புறப்படும்போது மாமா தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லிடுவேன்னு நெனச்சேன் தங்கச்சி" என்றார். அது நிம்மதியா ஏமாற்றமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. காரில் ஏறியதும் அத்தை என்னிடம் கேட்டார்: "அப்ப அண்ணனுக்காகப் பொய் சொன்னோம். இன்னிக்கு யாருக்காகம்மா?" நான் ஏர்கான் குளிரைக் கூட்டி வைத்தேன். எனக்காகத்தான் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அடுத்த வருடத்துக்குள் அண்ணனும் தங்கையும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள்.

போன வாரம், அன்று பதிவு செய்த பெண் அழைத்தாள். எல்லாவற்றையும் புத்தகமாகப் போடுகிறார்களாம். உங்கள் மாமா ஒளிந்தது எந்தக் காடு என்று கேட்டாள். குடிசையையும் திரும்பிப் பார்க்காமல் போன அந்த அப்பாவையும் சொல்லி முடித்தேன்.

"ஆன்ட்டி, பதிவுல அவங்களே காடுன்னுதான சொல்றாங்க. நீங்க சொல்றதுக்கு வேற ஏதாச்சும் ஆதாரம் இருக்கா?"

"அந்தப் பதிவ இன்னொரு தடவ நல்லா கேளும்மா" என்றேன். "அத்தை எங்க அண்ணன்னு ஆரம்பிச்சு நிறுத்தினதும் ஒரு பொம்பளை காடுன்னு சொல்லுவா. அது நான்தான்."