விஜயராணி போய்வந்த ஆபீஸ்கள்

விஜயராணி பி.காம். முடித்தபோது, வேலையும் கூடவே வந்துவிட்டதாக வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். தாராவி தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால், பை தைக்கும் பட்டறைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறை வீட்டில் காலேஜுக்குப் போன முதல் ஆள் அவள்தான். அப்பா இசக்கிமுத்து கீழே பட்டறையில் கட்டிங் மாஸ்டர். மகளின் சர்ட்டிபிகேட்டை லேமினேஷன் செய்து கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஆபீஸ் எந்த ஸ்டேஷனில் என்று கேட்டார். இன்னும் ஆபீஸ் எதுவும் கிடைக்கவில்லை என்று அவள் சொன்னாள். மழைக்கு ரயில் நின்றுபோனதைப் போல அதை எடுத்துக்கொண்டு அவர் கீழே இறங்கிப் போனார்.

பெரியப்பா மகன் ஜெயகணேஷ் முலுண்டில் இருக்கிறான், ஐ.டி. கம்பெனி. இந்தக் காலத்தில் யாரும் வேலையைத் தேடிப் போவதில்லை, நாம் ஆன்லைனில் தெரிகிற மாதிரி இருந்தால் வேலையே தேடி வரும் என்று அவன் சொன்னான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அவளுக்கு லிங்க்ட்இன்னில் கணக்குத் திறந்து கொடுத்தான். திறமைகள் என்ற இடத்தில் தலைமைப் பண்பு என்று போட்டான். அடுப்படியிலிருந்து அம்மா கனகவள்ளி, யாருக்குத் தலைமை என்று கேட்டாள். எல்லாரும் போடுவதுதான் என்றான் ஜெயகணேஷ்.

அதன் பிறகு விஜயராணி ஆன்லைனில் தெரிந்துகொண்டே இருந்தாள். யாராவது ஆள் தேவை என்று போட்டால் அடியில் போய் ‘இன்ட்ரஸ்டட்’ என்று எழுதினாள். அவளுக்கு மேலே நூறு பேர் அதையே எழுதியிருந்தார்கள், கீழேயும் எழுதிக்கொண்டிருந்தார்கள். முன்பின் தெரியாத மேனேஜர்களின் பதவி உயர்வுக்கு வாழ்த்துச் சொன்னாள். அவர்கள் நன்றி சொன்னார்கள். வேலை தேடி வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி கேட்டபோது, பிள்ளை போனில் வேலை பார்க்கிறாள் என்று கனகவள்ளி சொன்னாள்.

லிங்க்ட்இன் தராத அழைப்புகள் இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸப் குரூப்புகளிலும் வந்தன. டேட்டா என்ட்ரி, பேக் ஆபீஸ், ரிசப்ஷன் என்று நேரில் வரச் சொன்னார்கள். விஜயராணி ஒவ்வொன்றுக்கும் போனாள். தாதரில் ஒரு ஆபீஸில் காலையிலிருந்து மதியம் வரை நிற்கவைத்து, அந்த வேலைக்குப் போன வாரமே ஆள் போட்டாயிற்று என்றார்கள். பிறகு ஏன் கூப்பிட்டீர்கள் என்று கேட்டாள். கூப்பிடுகிற பெண்ணுக்கு அது தெரியாது என்று பதில் வந்தது.

கூடப் படித்தவர்கள் யாரும் அங்கே போய் டிக்கெட் காசையும் நேரத்தையும் விடவேண்டாம் என்று நினைத்து, பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்தபடியே போனில் பேசி வீடியோ எடுத்தாள். பாட்டு இல்லை, சிரிப்பு இல்லை. பக்கத்து வீட்டில் சொல்வதுபோல, தமிழில் ஒரு தடவையும் இந்தியில் ஒரு தடவையும் சொன்னாள்: “தாதர் வெஸ்ட்ல எறங்குங்க. மூணாவது மாடி. லிஃப்ட் இருக்கு, ஓடாது. வேல காலி இல்ல. லேடீஸ் பாத்ரூம் இருக்கு, சாவி யார்கிட்டன்னு யாருக்கும் தெரியல.”

காலேஜ் குரூப்பில் போட்டது எங்கெங்கோ போய், முன்பின் தெரியாதவர்களெல்லாம் அடுத்தது எப்போது என்று கேட்டார்கள். அடுத்த ஆபீஸுக்கு அவள் எப்படியும் போகத்தான் வேண்டியிருந்தது. அதையும் சொன்னாள். அந்தேரி, குர்லா, செம்பூர் என்று போய்வந்த ஆபீஸையெல்லாம் வரிசையாகச் சொன்னாள். நல்லவிதமாக நடத்திய இடங்களையும் சொன்னாள். அந்த வீடியோக்கள் சீக்கிரம் முடிந்துவிட்டன.

ஜெயகணேஷ் பதறிப்போய் போன் செய்தான். இப்படியே போட்டுக்கொண்டிருந்தால் பெயர் கெட்டுவிடும், எந்த ஹெச்.ஆரும் கூப்பிட மாட்டார் என்றான். இதுவரை யார் கூப்பிட்டார்கள் என்று அவள் யோசித்துப் பார்த்தாள். அண்ணனிடம் அதைக் கேட்கவில்லை.

மான்குர்தில் ஏர்போர்ட் வேலைக்கு ஆள் எடுப்பதாக ஒரு விளம்பரம் வந்தது. போனாள். சுவர் முழுக்க விமானப் படம். முதலில் பதிவுப் பணம் கட்டவேண்டும், அடுத்து பயிற்சிப் பணம், அதன் பிறகு ஏர்போர்ட்டிலிருந்து அழைப்பு வரும் என்றார்கள். இதுவரை எத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்று கேட்டாள். மேஜைக்குப் பின்னால் இருந்தவன் விமானப் படத்தைக் காட்டினான். விஜயராணி பணம் கட்டாமல் வெளியே வந்து வீடியோவில் சொன்னாள்: “ஏர்போர்ட் படம் நல்லாருக்கு. பணம் வாங்குதாங்க. வேலைக்குப் போன ஆள் ஒருத்தரையும் காட்டல.”

அதன் அடியில், பணம் கட்டியவர்கள் ஒவ்வொருவராக வந்து எழுதத் தொடங்கினார்கள்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம், வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வீட்டை விசாரித்து வந்து, வாசலுக்கு ஏறும் இரும்பு ஏணியைப் பிடித்து மெல்ல மேலே ஏறினார். பெயர் பிரம்மநாயகம், மான்குர்த் ஆபீஸ் அவருடையது என்று சொல்லிக்கொண்டார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்ததும், எந்த ஊர் என்று இசக்கிமுத்துவைக் கேட்டார். இரண்டு பேருக்கும் நாங்குநேரிப் பக்கம்தான். கொஞ்ச நேரம் அதைப் பற்றியே பேசினார்கள். கனகவள்ளி சாயா போட்டுக் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் அவர் விஷயத்துக்கு வந்தார்.

“அண்ணாச்சி, ஒங்க மக ஒரு வீடியோ போட்டிருக்கா. ஆபீஸுக்கு ஒரு ஈ காக்கா வரல. நம்ம ஊர்க்காரனுக்கு நம்மளே இப்பிடிச் செய்யலாமா?”

இசக்கிமுத்துவிடம் இருந்தது பட்டன் போன். மகளின் வீடியோ ஒன்றையும் அவர் பார்த்ததில்லை. காட்டச் சொன்னார். பிரம்மநாயகம் தன் போனிலேயே போட்டுக் காட்டவேண்டியதாயிற்று. முழுவதும் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை போடச் சொன்னார் இசக்கிமுத்து.

“இதுல பொய் எது அண்ணாச்சி?”

பிரம்மநாயகம் யோசித்தார். “பொய்யின்னு இல்ல. சொல்லுத விதம்னு ஒண்ணு இருக்குல்லா.”

பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, தன் ஆபீஸுக்கு ரிசப்ஷனில் ஒரு பெண் வேண்டும், விஜயராணி நாளைக்கே வரலாம், நல்ல சம்பளம், வீடியோவை மட்டும் அழித்துவிடட்டும் என்றார்.

இசக்கிமுத்து மகளைப் பார்த்தார். வேலை உண்மையாகவே ஏணியேறி வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தது. அவருக்கு அது வேண்டும் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. அதைப் பார்த்ததும் விஜயராணிக்கு ஒரு நிமிஷம், சரி என்று சொல்லிவிடலாமா என்றிருந்தது.

“அங்க நான் என்ன செய்யணும் மாமா?”

“வார பிள்ளைகள்ட்ட பேசணும். பணத்த வாங்கி ரசீது குடுக்கணும். நீதான் நல்லா பேசுதியே.”

“பணம் கட்டுனவங்களுக்கு வேல கெடச்சிருக்கா?”

“அது அவங்கவங்க யோகம்மா.”

“அப்ப எனக்கு வேண்டாம் மாமா. கெடைக்காதவங்க திரும்பி வந்து கேப்பாங்க. அந்தச் சேர்ல நான்தான உக்காந்திருப்பேன்.”

பிரம்மநாயகம் மீதிச் சாயாவைக் குடித்து முடித்தார். நன்றாக இருக்கிறது என்று கனகவள்ளியிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். இசக்கிமுத்து அன்று மகளிடம் பேசவில்லை. அவள் பாத்திரம் கழுவுகிற சாக்கில் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கொஞ்சம் அழுதாள். வந்த வேலையைத் தள்ளிவிட்டோமே என்று பயமாகத்தான் இருந்தது. வீடியோவை மட்டும் அழிக்கவில்லை.

மறுநாள் பட்டறையில், கூட வேலை செய்யும் ஹமீதின் போனில் இசக்கிமுத்து மற்ற வீடியோக்களையும் பார்த்தார். மதியச் சாப்பாட்டுக்கு மேலே வந்தவர், சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: “அந்தேரி வீடியோல சத்தம் சரியா கேக்கல.”

அந்த மான்குர்த் வீடியோவுக்கு அடியில் எழுதியவர்களில் கோகிலவாணி என்று ஒருத்தி. அந்த ஆபீஸில் பணம் கட்டி ஏமாந்தவள். இப்போது செம்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் முன் மேஜை வேலையில் இருந்தாள். கல்யாணமாகிப் புனேவுக்குப் போகிறேன், என் இடத்துக்கு ஆள் வேண்டும், பணம் எதுவும் கட்டவேண்டாம், வருகிறாயா என்று மெசேஜ் அனுப்பினாள். விஜயராணி அதற்கு அடியில் பழக்கதோஷத்தில் ‘இன்ட்ரஸ்டட்’ என்று எழுதிவிட்டு, பிறகு அதை அழித்து, வருகிறேன் அக்கா என்று எழுதினாள்.

லேபை நடத்துகிற சுப்புலக்ஷ்மி மாட்டுங்காக்காரர், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுபவர். அவரும் வீடியோக்களைப் பார்த்திருந்தார்.

“ரிப்போர்ட் லேட்டாறது. பேஷன்ட் வந்து சத்தம் போடறா. நீ என்ன சொல்லுவே?”

“லேட்டுன்னு சொல்லுவேன் மேடம்.”

“அவ்வளவுதானா?”

“எப்ப வரும்னு சொல்லுவேன். தெரியலன்னா, தெரியல, கேட்டுட்டுப் போன் பண்ணுதேன்னு சொல்லுவேன். பண்ணிருவேன்.”

சுப்புலக்ஷ்மி திங்கட்கிழமை வரச் சொன்னார். பிரம்மநாயகம் தருவதாகச் சொன்னதைவிடச் சம்பளம் குறைவு. லேபைப் பற்றி வீடியோ போடக்கூடாது என்றார். விஜயராணி ஒத்துக்கொண்டாள்.

இப்போது மற்றவர்கள் தாங்கள் போய்வந்த ஆபீஸ்களைப் பற்றிக் குரல் பதிவு அனுப்புகிறார்கள். லீவு நாளில் அவள் அவற்றைக் கேட்டு, சரிபார்த்து, தன் பக்கத்தில் போடுகிறாள். மான்குர்தில் அந்த ஆபீஸ் இப்போது இல்லை. வேறு பெயரில் வேறு எங்கோ திறந்திருப்பதாகச் சொல்கிறார்கள். எந்த இடம் என்று அவள் விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.

இசக்கிமுத்து பட்டறையிலும் தெருவிலும், மகள் செம்பூரில் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று சொல்லிவைத்தார். லேப் என்று அவள் ஒருமுறை திருத்தினாள், அவர் கேட்டுக்கொண்டு மறுபடியும் ஆஸ்பத்திரி என்றே சொன்னார். விஷயம் சரியாகப் புரியாத இரண்டு மூன்று குடும்பங்கள், பிள்ளைக்கு என்ன உடம்புக்கு என்று விசாரிக்க ஏணியேறி வந்தன. ஒருவர் ஆரஞ்சு வாங்கி வந்திருந்தார். கனகவள்ளி விளக்கம் சொல்லிவிட்டு, ஆரஞ்சை வாங்கிவைத்துக்கொண்டாள்.